பாப்கேட் ஏன் கவிழ்கிறது, எப்படி நசுக்குகிறது: சிறு லோடரைப் பற்றிய ஒரு விளக்கம்

கட்டுமானத் தளத்திலோ குப்பைக் கிடங்கிலோ இயந்திர விபத்து நடந்தால், மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வருகிறது: ஜேசிபி கட்டுப்பாட்டை இழந்தது, ஓட்டுநரோ உதவியாளரோ சிக்கி இறந்தார். இந்த ஒரு வரிக்குள் இரண்டு குழப்பங்கள். மண் அள்ளும் வண்டி எதுவானாலும் நமக்கு அது ஜேசிபிதான். படத்தில் நிற்பது பல நேரங்களில் வேறு வகை இயந்திரம். அடுத்தது, 'கட்டுப்பாட்டை இழந்தது' என்ற சொல். எதையோ விளக்கிவிட்டதுபோல் ஒலிக்கும், ஆனால் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. சிறு லோடர்களைப் பொறுத்தவரை, சந்துக்குள் நுழைந்து நின்ற இடத்திலேயே சுழன்று வேலை செய்ய உதவும் அதே அமைப்புதான் ஆளையும் கொல்கிறது. அந்த அமைப்பு விளங்கிவிட்டால், கையேட்டில் உள்ள விதிகளில் முக்கால்வாசியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

## எந்த இயந்திரம்?

மூன்றைப் பிரித்துக்கொள்வோம்.

1. பேக்ஹோ லோடர். முன்னால் அகலமான பக்கெட், பின்னால் தோண்டும் கை. நாம் ஜேசிபி என்று சொல்வது இதைத்தான்.

2. ஸ்கிட் ஸ்டீர் லோடர். நான்கு சிறிய சக்கரங்கள், நடுவே கம்பிக்கூண்டு போன்ற கேபின், அதன் இரு பக்கமும் பின்னாலிருந்து முன்னே வரும் இரும்புக் கைகள். அந்தக் கைகளை ஆபரேட்டர்கள் பூம் என்பார்கள். பாப்கேட் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஜேசிபி என்ற பெயர் பேக்ஹோவுக்கு ஒட்டிக்கொண்டதுபோல, இந்த வகை முழுவதற்கும் பாப்கேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாநகராட்சிகள் தெருக்குப்பை அள்ளுவதும் வடிகாலிலிருந்து எடுத்துப்போட்ட வண்டலை அகற்றுவதும் பெரும்பாலும் இதைக் கொண்டுதான்.

3. நின்று ஓட்டும் மினி லோடர். கேபினும் இருக்கையும் கிடையாது. ஆபரேட்டர் பின்னால் உள்ள ஒரு பலகையில் நின்றோ, கூடவே நடந்தோ ஓட்டுவார். ஆஸ்திரேலியாவில் டிங்கோ என்ற பெயரில் பரவி, 1990களின் பிற்பகுதியில் டோரோ நிறுவனம் வழியாக அமெரிக்கத் தோட்ட வேலைக்காரர்களிடம் பிரபலமானது.

இக்கட்டுரை பின்னிரண்டைப் பற்றியது. அதிலும் பெரும்பகுதி பாப்கேட்டைப் பற்றியது.

இதன் பிறப்புக் கதையிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு பட்டறை நடத்திவந்தார்கள். எட்டி வேலோ என்ற வான்கோழிப் பண்ணைக்காரர் அவர்களிடம் வந்தார். அவருடைய கொட்டகை இரண்டு தளம் கொண்டது. எருவை அள்ள ஒரு இயந்திரம் வேண்டும்; மேல்தளம் தாங்கும் அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும்; தூண்களுக்கு நடுவே திரும்பவும் வேண்டும். 1957-இல் அவர்கள் செய்துகொடுத்தது மூன்று சக்கர வண்டி. வடக்கு டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அந்த உரிமையை வாங்கியது. 1960-இல் வந்த எம்-400 என்ற மாடலில் பின்னால் இருந்த ஒற்றைச் சக்கரம் போய் நான்கு சக்கரமானது. பாப்கேட் என்ற பெயர் 1962-இல்தான் வந்தது. ஆக, சின்ன உடம்பு, குறுகிய சக்கர இடைவெளி, உடம்போடு ஒட்டிய கைகள் எல்லாமே அந்த வான்கோழிக் கொட்டகையின் அளவுக்கு வெட்டித் தைத்தவை.

## ஸ்டியரிங் இல்லாத வண்டி எப்படித் திரும்புகிறது?

காரில் முன்சக்கரங்கள் வளைந்து வண்டியைத் திருப்பும். பாப்கேட்டில் எந்தச் சக்கரமும் வளையாது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு ஜோடி, வலப்பக்கம் இரண்டும் இன்னொரு ஜோடி. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழன்றால் வண்டி வளையும். ஒரு பக்கம் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் சுழன்றால் நின்ற இடத்திலேயே பம்பரம். சக்கரங்கள் தரையில் தேய்ந்து வழுக்கித்தான் ஆக வேண்டும். ஸ்கிட் என்ற பெயர் அதனால் வந்தது. டயர் சீக்கிரம் தேய்வதற்கும், சிமெண்ட் தரையில் கருங்கோடுகள் விழுவதற்கும் காரணமும் அதுவே.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டியின் எடை முன்னும் பின்னும் சரிசமமாக இருந்தால் நான்கு சக்கரமும் சமமாகத் தரையைப் பற்றிக்கொள்ளும், வண்டி திரும்பத் திணறும். ஆகவே வேண்டுமென்றே எடையை ஒரு பக்கம் தள்ளியிருக்கிறார்கள். வெறும் பக்கெட்டோடு நிற்கும்போது மொத்த எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் பின்சக்கரங்கள்மீது இருக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதன் காரணம் இது. பக்கெட் நிறைந்ததும் கணக்கு தலைகீழாகி, ஏறக்குறைய அதே 70 சதவீதம் முன்சக்கரங்களுக்கு வந்துவிடும். எடை குறைந்த முனை வழுக்கிக்கொடுக்கும், கூடிய முனை அச்சாக நிற்கும்.

சுமை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுகிற வண்டி இது. கார், டிராக்டர் ஓட்டிப் பழகியவருக்கு இந்த அனுபவம் இருக்காது.

## கிணற்றுத் துலாவின் கணக்கு

துலாக்கிணற்றைப் பார்த்தவர்களுக்குக் கவிழ்தலை விளக்குவது எளிது. ஒரு முனையில் சால், மறுமுனையில் எதிர் எடை, நடுவே தாங்குகால். பாப்கேட்டில் தாங்குகால் முன் அச்சு, சால் பக்கெட், எதிர் எடை எஞ்சினும் வண்டியின் பின்புறமும். பக்கெட்டில் எடை கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அந்த எடைக்குக் கவிழ்சுமை என்று பெயர். அதில் பாதியைத்தான் நிறுவனம் அனுமதிச் சுமை என்று அறிவிக்கிறது. சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டிராக் உள்ள வகைகளுக்கும், பெரும்பாலான மினி லோடர்களுக்கும் அந்த அளவு 35 சதவீதம்.

ஒரு எடுத்துக்காட்டு. கவிழ்சுமை 1,200 கிலோ, அனுமதிச் சுமை 600 கிலோ உள்ள ஒரு வண்டி. பக்கெட்டின் கொள்ளளவு 0.4 கன மீட்டர்.

- மட்கிய குப்பை கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்தால், ஒரு பக்கெட் 200 கிலோ. கவலை இல்லை.
- உலர்ந்த மணல் ஏறக்குறைய 1,600 கிலோ. ஒரு பக்கெட் 640 கிலோ. அனுமதியை இப்போதே தாண்டிவிட்டது.
- மழையில் நனைந்த மணல் 1,900 முதல் 2,000 கிலோ வரை. ஒரு பக்கெட் 760 முதல் 800 கிலோ.

பக்கெட் ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான். உள்ளே கிடப்பது மாறியதும் எடை நான்கு மடங்காகிறது. இதில் மோசமான விஷயம், 800 கிலோவோடு வண்டி உடனே கவிழாது. சமதளத்தில் ஆடாமல் நிற்கும். ஆபரேட்டரும் 'தாங்குது' என்ற முடிவுக்கு வருவார். கவிழ்சுமையை அளப்பது கெட்டியான சமதளத்தில், வண்டி அசையாதபோது. ஓடும் வண்டியைச் சட்டென நிறுத்தினால், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், டயரில் காற்று குறைவாக இருந்தால், மிச்சமிருந்த 400 கிலோ இடைவெளி ஒரு நொடியில் கரைந்துபோகும். பாதி என்று குறைத்து வைத்திருப்பது இந்த நொடிக்காகத்தான். அது நிறுவனத்தின் அதிகப்படியான பயம் என்று நினைப்பது பரவலான தவறு.

உயரமும் கணக்கில் சேரும். பூமை முழுதாக உயர்த்தினால் பக்கெட் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்குப் போகும். வண்டியின் சக்கர இடைவெளியோ ஒரு மீட்டர் சுமார்தான். சுமையை மேலே வைத்துக்கொண்டு திரும்புவது, தலையில் குடத்தோடு ஒற்றைக் காலில் சுழல்வது போன்றது. ஆகவே சுமையோடு நகரும்போது பக்கெட் தரைக்குச் சற்று மேலே, முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். லாரி அருகே போய் நின்ற பிறகுதான் உயர்த்துவது. கொட்டியதும் இறக்கிவிட்டுத்தான் நகர்வது.

பூமின் பாதையிலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் பக்கெட் வில்போல வளைந்து உயரும். நடு உயரத்தில்தான் அது வண்டியைவிட்டு அதிகம் முன்னே தள்ளி நிற்கும். அந்த வகையில் ஆபத்து உச்சியில் இல்லை, பாதிவழியில். மற்ற வகையில் பக்கெட் ஏறக்குறைய நேராக மேலே போகும். லாரி ஏற்றுவதற்கு அது வசதி. தான் ஓட்டுவது எந்த வகை என்று ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கெட்டுக்குப் பதிலாக ஃபோர்க் (சுமை தூக்கும் இரட்டைக் கவை) மாட்டினால் சுமையின் மையம் இன்னும் முன்னே போவதால், அனுமதிச் சுமை பக்கெட்டுக்குச் சொன்னதைவிடக் குறைந்துவிடும்.

## சரிவில் எந்த முனை மேலே?

எடை கூடிய முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அதிலிருந்து வருவன:

1. பக்கெட் நிறைந்திருந்தால் எடை முன்னால். ஏறும்போது முன்னோக்கி ஏற வேண்டும். இறங்கும்போது ரிவர்ஸில் இறங்க வேண்டும்.

2. பக்கெட் காலியாக இருந்தால் எடை பின்னால். ஏறும்போது ரிவர்ஸில் ஏற வேண்டும்; இறங்கும்போது முன்னோக்கி இறங்கலாம்.

3. சரிவின் குறுக்கே ஓட்டக்கூடாது, சரிவில் திரும்பவும் கூடாது.

இரண்டாவது விதி நம் ஊரில் தினமும் மீறப்படுகிறது, லாரியில் வண்டியை ஏற்றும்போது. வேலை முடிந்து, காலி பக்கெட்டோடு, சாய்வுப் பலகையிலோ மண்மேட்டிலோ முகத்தை முன்னே நீட்டி ஏற்றுகிறார்கள். 70 சதவீத எடை பள்ளத்துப் பக்கம் தொங்குகிறது. லீவரைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் எழும்பி வண்டி மல்லாக்கச் சாயும். ரிவர்ஸில் ஏற்றினால் இது நடக்காது. கழுத்தைத் திருப்பிப் பார்த்து ஓட்டுவது சிரமம் என்பது உண்மை. அதற்குத்தான் கீழே ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும், அதுவும் வண்டியின் பாதையில் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி நின்று.

கவிழ்ந்தால் காப்பது கேபின் கூண்டு. ரோப்ஸ் என்று கையேடுகள் குறிப்பிடும் உருளல் காப்புச் சட்டம் அது. ஆனால் ஆள் கூண்டுக்குள் இருந்தால்தான் கூண்டு காக்கும். சீட் பெல்ட் போடாதவர் முன்திறப்பு வழியே பாதி வெளியே விழுவார். காக்க வேண்டிய அதே சட்டம் அவர்மேல் இறங்கும். வண்டி சாயும்போது குதித்துத் தப்பலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. இரு பக்கமும் பூம், முன்னால் பக்கெட். குதிக்க வழியே இல்லை.

## இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே

கவிழ்தல் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. நசுங்குதல் அப்படியல்ல. வண்டி சமதளத்தில் அசையாமல் நிற்கும்போதே அது நடக்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல் ஸ்கிட் ஸ்டீர் லோடர்களுக்கென்றே ஒரு தனி எச்சரிக்கை வெளியிட்டது. பக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே, பூமுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆட்கள் சிக்குவதுதான் அதன் மையக் கவலை.

காரணம் வண்டியின் உடலமைப்பு. பேக்ஹோவில் பக்கவாட்டுக் கதவு இருக்கும். கை எட்டத் தொலைவில் வேலை செய்யும். பாப்கேட்டில் ஆபரேட்டர் பக்கெட்டின்மேல் கால்வைத்து, முன்பக்கமாக உள்ளே போய் உட்கார்கிறார். அவருடைய இரு தோள்களுக்கும் வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பூம் மேலும் கீழும் போய்வருகிறது. ஒற்றைக் கை வைத்து மறுபக்கம் கதவு தரும் ஜேசிபி நிறுவனத்தின் ஸ்கிட் ஸ்டீர் வகைகள் இந்தச் சிக்கலுக்கு வந்த ஒரு பதில். மற்ற பெரும்பாலானவற்றில் முன்வாசல்தான்.

பழைய வகைகளில் கைலீவர்கள் வண்டியை ஓட்டும். கால் பெடல்கள் பூமையும் பக்கெட்டையும் இயக்கும். பூம் உயர்ந்திருக்கிறது. பக்கெட்டில் ஒரு கல் சிக்கியிருக்கிறது, அல்லது உதவியாளர் ஏதோ சொல்வது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆபரேட்டர் எழுந்து முன்னே சாய்ந்து தலையை வெளியே நீட்டுகிறார். எழும்போது உடம்பின் எடை முழுவதும் பாதத்தில் இறங்குகிறது. பாதம் இருப்பது பெடல்மேல். பூம் இறங்குகிறது. வயிற்றுக்கும் கழுத்துக்கும் நேரே கேபினின் விளிம்பு.

இதைத் தடுக்கத்தான் மடிமேல் இறக்கிக்கொள்ளும் பாதுகாப்புத் தண்டும், இருக்கைக்கு அடியில் உள்ள சென்சாரும். தண்டு மேலே இருந்தாலோ இருக்கையில் ஆள் இல்லாவிட்டாலோ ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் பூமை இயக்கும் அமைப்பு) பூட்டிக்கொள்ளும், சக்கரமும் பூட்டிக்கொள்ளும். கேபினின் இரு பக்கமும் உள்ள கம்பிவலையும் இதே காரணத்துக்காக வைத்தது. காற்றுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைச் சித்திரை வெயிலில் பார்க்கலாம். வெயில் தாங்காது என்பது நியாயமான குறை. அதற்கு விடை மின்விசிறி. வலை இல்லாத வண்டியில் முழங்கை வெளியே போனால், பூம் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இனி இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாக நினைப்பது. இருக்கை சென்சார் தூசியிலும் மழையிலும் கெட்டுப்போகும். எலி வயரைக் கடிக்கும். அப்போது வண்டி வேலை நடுவே நின்றுவிடும், அசையாது. வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. புது சென்சார் வர இரண்டு நாள் ஆகலாம். மெக்கானிக் இரண்டு வயரை முறுக்கி ஒட்டி, ஆள் எப்போதும் இருக்கையில் இருப்பதாகவும், தண்டு இறங்கியே இருப்பதாகவும் வண்டியை நம்ப வைத்துவிடுகிறார். இன்றைக்கு ஓடட்டும், பிறகு மாற்றலாம் என்றுதான் ஆரம்பம். அந்தப் 'பிறகு' வருவதில்லை. ஆறு மாதம் கழித்து வேறு ஆபரேட்டர் வருகிறார். பாதுகாப்புத் தண்டைத் தூக்கினால் பூம் பூட்டிக்கொள்ளும் என்ற பழக்கத்தில் எழுந்து முன்னே சாய்கிறார். அவருக்கு அந்த வயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதப்படும். எனக்கு இதில் கவனக்குறைவு தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் வாடகைக்காக எடுத்த முடிவு தெரிகிறது.

ஆகவே இறங்கும் வரிசை இது, மாற்றக்கூடாதது:

1. பக்கெட்டைத் தரையில் படிய வைக்க வேண்டும்.
2. பார்க்கிங் பிரேக் போட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும்.
3. லீவர், பெடல்களை அசைத்து அழுத்தம் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
4. அதன் பிறகே தண்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

பூம் உயர்ந்த நிலையில் எஞ்சின் நின்றுவிட்டால்? அடியில் புகுந்து வெளியே வரக்கூடாது. பல மாடல்களில் இருக்கையில் உட்கார்ந்தபடியே பூமைக் கையால் மெல்ல இறக்கும் பைபாஸ் திருகு ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை வேலைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சிக்கிய பிறகு தேடுவது அல்ல. பூமை உயர்த்தி வைத்துத்தான் செய்ய வேண்டிய பழுது என்றால், சிலிண்டர் தண்டில் பொருத்தும் இரும்புத் தாங்கி இருக்கிறது. அதைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் இருக்கையில், ஒருவர் வெளியே. மரக்கட்டையோ ஜாக்கியோ முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் படுப்பது, பாறாங்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடியில் தூங்குவதற்குச் சமம். ஹைட்ராலிக் எண்ணெய் பூமைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பவும் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் தாங்குவதற்கு எதுவும் இல்லை.

பக்கெட்டில் ஆளை ஏற்றித் தெருவிளக்கு மாற்றுவதும் மரக்கிளை வெட்டுவதும் இதே கணக்கில் சேரும். மின்கம்பி உள்ள தெருவில் அது இரட்டை ஆபத்து. பூம் கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் இறங்காமல் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு, மின்சாரம் துண்டிக்கப்படும் வரை. மற்றவர்கள் வண்டியைத் தொடக்கூடாது.

## நின்று ஓட்டும் வகையில் என்ன மாறுகிறது?

மினி லோடரில் ஆபரேட்டர் பூமுக்கு நடுவே இல்லை, பின்னால் நிற்கிறார். நசுங்கும் ஆபத்து அதனால் குறைகிறது என்பது சரி, ஆனால் அது இடம் மாறி வந்து நிற்கிறது. ரிவர்ஸில் வரும்போது வண்டிக்கும் பின்னால் உள்ள சுவருக்கும், மரத்துக்கும் நடுவே இருப்பது ஆபரேட்டரின் முதுகு. சில நிறுவனங்கள் தொடை உயரத்தில் ஒரு தட்டு வைத்திருக்கின்றன. உடம்பு அதை அழுத்தினால் பின்னோட்டம் நின்றுவிடும். அது இல்லாத வண்டியில் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்க வழியே கிடையாது. உருளல் காப்புச் சட்டம் இல்லை, பெல்ட் இல்லை. கவிழ ஆரம்பித்தால் பலகையிலிருந்து பின்புறமாக இறங்கி விலகுவது ஒன்றுதான். அனுமதிச் சுமைக் கணக்கும் சரிவு விதியும் அப்படியே பொருந்தும். ஆனால் மினி லோடரில் எடை எந்த முனையில் கூடுதல் என்பது ஆபரேட்டர் பலகையில் நிற்கிறாரா, நடந்து ஓட்டுகிறாரா என்பதைப் பொறுத்தும் மாறும். கையேட்டில் அந்த மாடலுக்குரிய சரிவுப் பட்டியல் இருக்கும்.

## கருவி மாற்றும்போது

பக்கெட்டைக் கழற்றி பிரேக்கர் (உடைக்கும் கருவி), ஆகர் (குழி தோண்டும் திருகு), துடைப்பான் என்று மாட்டுவதுதான் இந்த வண்டிகளின் பலம். பூமின் முனையில் உள்ள தகட்டில் இரண்டு லீவர்கள் இருக்கும்; அவற்றைக் கீழே அழுத்தினால் இரண்டு ஆப்புகள் இறங்கி, கருவியின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். லீவர் கீழே போய்விட்டது என்பது போதாது. துளையில் மண் அடைத்திருந்தால் ஆப்பு பாதியில் நின்றுவிடும், லீவர் மட்டும் சரியாகத் தெரியும். குனிந்து, இரண்டு ஆப்பும் வெளியே வந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கருவியைத் தரையில் அழுத்திப் பார்த்தால் நிச்சயம். உயரத்தில் கழன்ற பக்கெட் பூமின்மேல் உருண்டு கேபின்வரை வரக்கூடும்.

அடுத்தது ஹோஸ் மாட்டுவது. வெயிலில் கிடந்த கருவியின் ஹோஸுக்குள் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும். கப்ளர் (ஹோஸின் இணைப்பு முனை) உள்ளே போகாது. சுத்தியலால் தட்டுவது வழக்கம், கப்ளர் கெடுவதும் வழக்கம். வண்டிப் பக்கம் எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு, துணை ஹைட்ராலிக் பொத்தானை இருபுறமும் அழுத்தினால் அழுத்தம் வெளியேறும். மாட்டும் முன் இரு முனைகளையும் துணியால் துடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் அது பம்ப் வரை பயணம் செய்யும்.

கசிவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கார் டயரில் இருக்கும் அழுத்தம் 30 பிஎஸ்ஐ சுமார். இந்த வண்டியின் ஹைட்ராலிக்கில் 3,000 பிஎஸ்ஐ சுமார், நூறு மடங்கு. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பீறிடும். கையால் தடவித் தேடினால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளி, எறும்பு கடித்த மாதிரி. வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலோ கையோ போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டோ பலகையோ பயன்படுத்த வேண்டும், கண்ணாடி அணிந்து. தோலுக்குள் எண்ணெய் போய்விட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கும் காயம் அல்ல இது. அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், 'அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே பாய்ந்தது' என்று மருத்துவரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்ல வேண்டும். புள்ளியை மட்டும் பார்த்தால் அவரும் டிடி ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும்.

## பராமரிப்பு: மணிக்கணக்கு

இந்த வண்டிகளின் வயது கிலோமீட்டரில் இல்லை, ஹவர் மீட்டரில். மாடலுக்கு மாடல் இடைவெளி மாறும். பெரும்பாலான கையேடுகளில் காணும் வரிசை ஏறக்குறைய இது.

தினமும், அல்லது 8 முதல் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை: எஞ்சின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் எண்ணெய் மட்டம். டீசல் ஃபில்டரில் தேங்கிய நீரை வடித்தல். பூமின் மூட்டுகளில் உள்ள பின்களுக்கும் அவற்றைச் சுற்றிய உறைகளான புஷ்களுக்கும் கிரீஸ், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை. டயர் காற்று, வீல் நட்டு. பெடலுக்கு அடியில் சேர்ந்த மண்ணையும் கல்லையும் அகற்றுதல். பெடல் கீழே சிக்கிக்கொண்டால் பூம் சொன்ன பேச்சைக் கேட்காது. இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது தண்டைத் தூக்கிப் பார்த்தல்: பூம், பக்கெட், சக்கரம் எதுவும் அசையக்கூடாது.

250 மணி சுமாருக்கு எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும். புது வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணியிலேயே வரும். 500 மணி சுமாருக்கு ஹைட்ராலிக் ஃபில்டர். 1,000 மணி சுமாருக்கு ஹைட்ராலிக் எண்ணெய், கூடவே செயின்கேஸ் எண்ணெய். சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் சங்கிலி மூழ்கிக்கிடக்கும் பெட்டி அது. வெளியே தெரியாததால் மறந்துபோவார்கள்.

எண்கள் இவ்வளவுதான். நம் ஊர்ச் சூழலுக்குக் கூடுதல் கவனம் வேண்டியவை மூன்று.

1. தீ. குப்பையில் ஓடும் வண்டியின் எஞ்சின் அறைக்குள் பிளாஸ்டிக் உறையும் காய்ந்த சருகும் நூலும் இழுபட்டுச் சேரும். எஞ்சினுக்கு அடியில் உள்ள தட்டில் எண்ணெயோடு கலந்து கெட்டியாகக் கிடக்கும். பக்கத்திலேயே சூடான சைலன்சர். அடித்தட்டைத் திறந்து கழுவுவது அழகுக்காக அல்ல. ரேடியேட்டரைச் சாயங்காலம், எஞ்சின் ஆறிய பிறகு, ஊத வேண்டும். ஒரு தீயணைப்பான் கேபினில் இருக்க வேண்டும்.

2. ஏர் ஃபில்டர். டயரில் தட்டித் தூசியை உதிர்ப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. தட்டும்போது காகித மடிப்பு கிழியும், ரப்பர் விளிம்பு நெளியும். பிறகு தூசி நேராக எஞ்சினுக்குள். ஃபில்டர் அடைப்பைக் காட்டும் குறிகாட்டி சிவந்தால்தான் திறக்க வேண்டும். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்வதே கூடாது, மாற்ற வேண்டியதுதான்.

3. டயர். ஒரு பக்கத்தின் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்பட்டவை. ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும். செயினும் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும். மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும்.

## பழைய வண்டி வாங்குபவருக்கு

ஹவர் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. மாற்றிப் பொருத்துவது சுலபம். பெடல் ரப்பரும் லீவர் பிடியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். பூமை உயர்த்தி எஞ்சினை நிறுத்தி, கேபினுக்குள் இருந்தபடியே சில நிமிடம் கவனித்தால், சிலிண்டர் சீல் எப்படி என்று அது இறங்கும் வேகம் சொல்லும். பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்சக்கரத்தைச் சற்று எழுப்பும்போது பின்களில் 'டக்' என்ற ஆட்டம் கேட்டால் புஷ் போயிருக்கிறது.

கேபின் கூண்டைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெல்டிங் தழும்பு, துளையிட்ட இடம், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்திய அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது. ஒருமுறை உருண்ட கூண்டு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த உருளலைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிறுவனங்கள் அதை மாற்றச் சொல்கின்றன, பழுது பார்க்கச் சொல்வதில்லை.

கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட் போட்டு, பூம் கீழே இருக்கும்போது பாதுகாப்புத் தண்டைத் தூக்கி, பெடலை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். பூம் அசைந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, இருக்கைக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு வயர் இருக்கிறதா என்று தேடலாம்.